சாவி மருமகள் கையில்

கார் சாவி மருமகளின் ஈரத் துண்டுக்குள் இருந்தது.

துண்டு பால்கனிக் கொடியில், மற்றவர்களின் துணிகளுக்கு நடுவே, ஒன்றும் அறியாத அப்பாவி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கடல் காற்று வந்து அதைத் தூக்கும் போதெல்லாம் அவள் பார்வை அங்கே ஓடியது.

உள்ளே வீடு இரண்டுபட்டுக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் இந்த ஆணியிலதான் மாட்டினேன். என் கையால மாட்டினேன். சாவிக்கு என்ன, காலா முளைச்சிருக்கு?" என்று மாமனார் கதவுக்குப் பின்னால் தேடியதையே மறுபடி தேடினார்.

வருடம் தவறாமல் விடுமுறைக்குக் கடற்கரைக்கு வருகிற குடும்பம் இது. அதே வாடகை வீடு, அதே மாடி, குளியலறையில் அதே ஒழுகும் குழாய். மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் பட்டப்பெயர் அவரை விட்டு இறங்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவர் 'பைலட்'. அவர் மனைவிக்கு 'ரேடியோ' என்று பெயர். காரில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தால், இறங்குகிறவரை அந்த அம்மாளுக்கு வாய் ஓயாது.

மகன் லிஃப்ட் மெக்கானிக். மகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அப்பாவிடம் படித்த தொழில். அவளுடைய சின்னப் பெண்ணுக்குப் பட்டாணி என்று செல்லப் பெயர்.

மருமகள் கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிறவள். நேற்று மாலை மணலில் உட்கார்ந்து அவள் ஒன்றைப் பார்த்தாள். பட்டாணி சிப்பி பதித்துப் பதித்துக் கட்டிய மணல் வீட்டை, பைலட் இடது காலால் மிதித்துக்கொண்டே நடந்து போனார். பிள்ளை வீரிட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். கொஞ்ச தூரத்தில் யாரோ நட்டிருந்த குடையின் கயிறு தடுக்கி விழப் பார்த்தார். அதுவும் இடது பக்கம்.

மாமனாருக்கு இடது பக்கம் சரியாகத் தெரியவில்லையோ என்று நேற்று மாலையே அவள் கணவனிடம் சொல்லியிருந்தாள். அவன் சிரித்தான்.

"எங்கப்பாவுக்கா? பேப்பர்ல பொடி எழுத்து விளம்பரம் வரைக்கும் படிச்சு நமக்கே சொல்றாரு. வந்த இடத்துலயும் உனக்கு டூட்டியா?"

அங்கேதான் சிக்கல். அவள் சந்தேகப்பட்டது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோயை. அதில் நேராகப் பார்ப்பது கடைசிவரை தெளிவாகத் தெரியும். ஓரங்கள் மட்டும் சத்தமில்லாமல் கரையும். ஒரு வலி கிடையாது, ஒரு சிவப்பு கிடையாது. எதிலாவது மோதிவிட்டு, 'அவன்தான் திடீர்னு குறுக்க வந்தான்' என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை அவள் வாராவாரம் பார்க்கிறாள்.

இன்றைக்குக் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் நாள். மலைச் சரிவை ஒட்டிய குறுகல் பாதை. வலது கைப்பக்கம் பாறை. இடது கைப்பக்கம் கடல். தடுப்புச் சுவர் முழங்கால் உயரம் கூட இருக்காது. அந்தப் பாதையில் பைலட்டைத் தவிர யாரும் வண்டியைத் தொட்டதில்லை; தொட அவர் விட்டதும் இல்லை.

அவள் விடிந்ததும் ஆணியிலிருந்து சாவியை எடுத்துவிட்டாள்.

கூடத்து நாற்காலியில் மாமியார் வலது காலை ஒரு வாளி வெந்நீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் ஈரப் படியில் வழுக்கி, கணுக்கால் பந்தாக வீங்கியிருந்தது.

"சாவி கிடைக்கலைன்னா விடுங்களேன். கலங்கரை விளக்கம் எங்கயும் ஓடிடாது. நாளைக்கு என் கால் சரியாயிடும், எல்லாரும் சேர்ந்து போகலாம்," என்றார்.

"நாளைக்குக் கடைசி நாள். மூட்டை கட்டவே நேரம் சரியா இருக்கும். நீ இங்கயே இரு. இன்னைக்கு ஒரு நாளாவது என் காது ஓய்வெடுக்கட்டும்."

மாமியார் சிரிக்கவில்லை. இந்தக் கிண்டலுக்கு ஒரு பதிலடி அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும். இன்று இல்லை.

"நான் இல்லாம போக வேண்டாங்க," என்றார் மறுபடி.

மகள் குனிந்து சோபாவுக்கு அடியில் கை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். பட்டாணி செருப்பெல்லாம் போட்டுக்கொண்டு வாசல்படியில் குதித்துக்கொண்டிருந்தாள். தேடித் தேடி மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு மறதி வந்துடுச்சா என்ன?" என்று தனக்குள் முனகிக்கொண்டார். அந்த முனகல்தான் மருமகளைக் குத்தியது. செய்யாத தப்புக்கு மனிதர் தன்னையே சந்தேகப்படுகிறாரே.

"மாமா, தேடாதீங்க. சாவி என்கிட்டதான் இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? சரி, கொண்டா. வெயில் ஏறிடும்."

"தர மாட்டேன் மாமா."

மாமியாரின் கால் அசைந்து வாளித் தண்ணீர் தளும்பியது.

"தர மாட்டீங்களா?" என்று நாத்தனார் எழுந்தாள். முழங்காலெல்லாம் தூசி. "அண்ணி, இது என்ன விளையாட்டு?"

"விளையாட்டில்ல. மாமாவோட கண்ணை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டணும். அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. அதுவும் அந்தப் பாதையில, பிள்ளையை வச்சுக்கிட்டு."

"எங்கப்பா கண்ணுக்கு என்ன?"

கணவன் குறுக்கே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குடு. எல்லார் முன்னாடியும் எங்கப்பாவைக் குருடன்னு சொல்லப் போறியா?" என்றான்.

"அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்ல. நீங்கதான் சொன்னீங்க."

தாழ்ந்த குரல்தான். ஆனால் அந்தக் கூடம் சின்னது. பைலட்டின் காதில் விழுந்துவிட்டது. அவர் நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பரீட்சை வை."

"இங்க வேண்டாம் மாமா. ஊருக்குப் போனதும் எங்க ஆஸ்பத்திரியில..."

"இங்கயே வை. என் பொண்ணு பாக்கட்டும், என் பையன் பாக்கட்டும். தோத்தா சாவி உன்கிட்டயே இருக்கட்டும். ஜெயிச்சா, மறுபேச்சு பேசாம கொண்டுவந்து என் கையில குடுக்கணும்."

"நீங்க வைக்க வேணாம் அண்ணி, நான் வைக்கறேன்," என்றாள் நாத்தனார். "எப்படின்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் நீங்க ஏதாவது தில்லுமுல்லு பண்ணீங்கன்னு பேச்சு வேண்டாம்."

மருமகள் யோசித்தாள். வேறு வழி தெரியவில்லை.

"நேரா அவர் முன்னாடி உட்காரு. அவர் உன் மூக்கை மட்டும் பாக்கணும், கண்ணை அசைக்கக் கூடாது. நீ கையைப் பக்கவாட்டுல நீட்டி, விரலை ஆட்டிக்கிட்டே மெதுவா உள்ளே கொண்டு வா. விரல் தெரிஞ்ச உடனே அவர் சொல்லணும்."

அப்பாவும் மகளும் முழங்கால் முட்ட உட்கார்ந்தார்கள். முதலில் அவருடைய வலது பக்கம். கை கொஞ்சம் உள்ளே வந்ததும், "தெரியுது," என்றார் பைலட். மகள் வெற்றியோடு அண்ணியைப் பார்த்தாள்.

அடுத்து இடது பக்கம். மகள் கையை நீட்டினாள். விரல்கள் ஆடின. மெல்ல உள்ளே வந்தன. தோள் அருகே வந்தன. காதுக்கு நேரே வந்தன. பைலட் மகளின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியோரம் வேர்வை பூத்திருந்தது.

மகளின் விரல்கள் மெதுவாக ஆட்டத்தை நிறுத்தின. அவள் கையை மடியில் இறக்கிவிட்டாள்.

"ம், தெரியுது," என்றார் பைலட். "விரல் ஆடுது. நல்லாத் தெரியுது."

நாத்தனார் மடியிலிருந்த விரல்களை மடக்கிக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற அண்ணனுக்குக் கை இறங்கியது தெரிந்திருக்காது. பக்கவாட்டில் நின்ற மருமகளுக்குத் தெரிந்தது.

"பாத்தீங்களா?" நாத்தனார் துள்ளி எழுந்தாள். குரல் தேவைக்கு மேல் ஓங்கியிருந்தது. "அப்பாவுக்கு நல்லாத் தெரியுது. ரெண்டு பக்கமும் தெரியுது. சாவியைக் குடுங்க அண்ணி."

மருமகள் அவள் முகத்தைப் பார்த்தாள். நாத்தனார் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இவள் நெஞ்சறிந்து பொய் சொல்கிறாள் என்பது புரிந்தது. ஏன் சொல்கிறாள் என்பதும் புரிந்தது. 'உன் கை மடியில இருந்தது' என்று இப்போது போட்டு உடைத்தால், அந்தப் பெரிய மனிதர் இத்தனை பேருக்கு நடுவில் எப்படி நிமிர்ந்து உட்காருவார்?

அவள் பால்கனிக்குப் போனாள். துண்டை உதறி, சாவியை எடுத்து வந்தாள். மாமனார் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப்போய் நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீ பாத்ததை நீ சொல்லிட்ட. சாவியையும் நீயே உங்கப்பா கையில குடு. பட்டாணியையும் நீயே வண்டியில ஏத்து."

"என்ன பேசற நீ?" என்றான் கணவன்.

"இனிமே நான் ஒண்ணும் பேசல."

கீழே கார் வெயிலில் நின்றிருந்தது. மருமகளும் இறங்கி வந்து ஓரமாக நின்றாள். பைலட் கதவைத் திறந்து, சீட்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அமர்ந்தார். பட்டாணி பின்சீட்டில் ஏறி, "போலாம் ரைட்!" என்று கத்தினாள். பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே தாத்தாதான்.

நாத்தனார் சாவியைக் கொடுத்துவிட்டாள். வண்டி உறுமியது. ஆனால் அவள் பின்கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அதை மூடவும் இல்லை, தானும் ஏறவில்லை.

"என்னம்மா, ஏறு. உங்கண்ணன் முன்னாடி உட்காரட்டும்."

"இருங்கப்பா."

"எதுக்கு இருக்கணும்?"

பள்ளிக்கூட வேனில் தினமும் ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள் அவள். ஒரு கதவு சரியாக மூடவில்லை என்றால் வண்டியை அசைக்க மாட்டாள். மேலே மாடியில், பொய் சுலபமாக வாயில் வந்துவிட்டது. இங்கே, பெற்ற பிள்ளை சீட்டில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கும்போது, கை வரவில்லை.

"பட்டாணி, இறங்குடி," என்றாள்.

"ஏம்மா?"

"இறங்குன்னா இறங்கு!"

பட்டாணி உதட்டைப் பிதுக்கினாள். பைலட் திரும்பி மகளைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. மாமியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி இறங்கி வந்துகொண்டிருந்தார். வீங்கிய காலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா! எதுக்கு இறங்குன?" என்று மகன் ஓடினான்.

"விடுடா. நான் ஏறாம வண்டி நகரக் கூடாது."

"இந்தக் காலோட எங்கம்மா வருவ? ஒரு நாள் ரேடியோ பாடலைன்னா வண்டி ஓடாதா?"

"ஓடாதுடா!" என்றார் மாமியார். அவர் கத்தி அந்தப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. "நான் பாடினாதான்டா உங்கப்பாவுக்கு அந்தப் பக்கம் தெரியும்!"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மருமகளுக்கு மாமியாரின் பழைய பேச்சு ஒவ்வொன்றாகக் காதில் கேட்டது. போன வருடம் இதே காரின் பின்சீட்டில் உட்கார்ந்து அவளும்தானே சிரித்தாள். 'அந்தச் சைக்கிள்காரன் சட்டை பாருங்க, என்ன கலரு.' 'அந்தம்மா குடை அழகா இருக்குல்ல?' 'அய்யோ பாவம், ஆடு ஓரமாப் படுத்திருக்கு.' வாய் ஓயாத பேச்சு. அத்தனையும் இடது பக்கத்துச் சங்கதி. வலது பக்கத்தைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உனக்கு எப்போலருந்து தெரியும்?" என்றாள் மகள்.

"ஒரு நாள் சோறு போட்டேன். தட்டுக்கு இந்தப் பக்கம் வச்ச தண்ணியை எங்க, எங்கன்னு கேட்டாரு. அப்புறம் கவனிச்சுப் பாத்தேன். நேராச் சொன்னா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு. அதான்..."

எல்லோரும் பைலட்டைப் பார்த்தார்கள். இப்போது அவர் வெடிப்பார் என்று மகன் எதிர்பார்த்தான். அவர் எஞ்சினை அணைத்தார்.

"இவ என்னவோ எனக்குத் தெரியாம பண்றதா நினைச்சுக்கிட்டிருக்கா," என்றார். "குடை அழகா இருக்குன்னா, இடது பக்கம் ஆள் நடந்து போகுதுன்னு அர்த்தம். சட்டை நல்லாருக்குன்னா சைக்கிள். அதைக் கேட்டுக்கிட்டுதானேடி நானும் ஓட்டினேன்."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரே காருக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒருவருக்கொருவர் இதை மறைத்து வந்திருக்கிறார்கள்.

மகன் போய் அப்பாவின் பக்கக் கதவைத் திறந்தான். கையை நீட்டினான். பைலட் அந்தக் கையைப் பிடிக்காமல், தானாகவே இறங்கினார். யாரையும் பார்க்காமல் மணலை நோக்கி நடந்தார்.

நாத்தனார் மருமகளின் அருகில் வந்து நின்றாள்.

"என் கை மடியில இருந்தது, அண்ணி."

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு நினைச்சேன். சொல்லாம ஏத்திருந்தா, நான் வண்டிக்கு முன்னாடி வந்து நின்னிருப்பேன்."

நாத்தனார் அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள். "நீங்க போங்க அண்ணி. எங்களை யாரையும் இப்போ அவர் பக்கத்துல சேர்க்க மாட்டாரு. உங்களைத் திட்டவாவது செய்வாரு."

அலை எட்டாத இடத்தில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய படகின் மேல் பைலட் உட்கார்ந்திருந்தார். மருமகள் போய் வலது பக்கமாக, அவருக்குத் தெரிகிற பக்கமாக, உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா?" என்றார். கோபம் இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா. சாவியை ஒளிச்சு வச்சது தப்புதான். உங்ககிட்ட நேரா வந்து சொல்லியிருக்கணும்."

"நேரா வந்து சொல்லியிருந்தா, நான் கேட்டிருப்பேனா?"

"மாட்டீங்க."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போனது திரும்பி வருமா?"

பொய் சொல்லலாம். தினமும் எத்தனையோ பேர் அவளிடம் இதைக் கேட்கிறார்கள். அவர்கள் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"வராது மாமா. ஆனா, இருக்கிறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து இருக்கு, தேவைப்பட்டா ஆபரேஷன் இருக்கு. தள்ளிப் போடாம போனா பேப்பர் படிக்கலாம், பட்டாணி முகத்தைப் பாக்கலாம், தனியா நடந்து போகலாம்."

"வண்டி?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். ஓரமாக அமர்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் இவர்களைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்.

பைலட் சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. ஊர்லருந்து கிளம்பி வந்த அன்னைக்கே, இதுதான் நம்ம கடைசி ஓட்டம்னு தெரிஞ்சுபோச்சு. உங்கள்ட்ட ஒத்துக்கத்தான் மனசு வரல."

"அன்னைக்கு என்ன மாமா ஆச்சு?"

மற்றவர்கள் ரயிலில் வந்திருந்தார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு காரில் வந்தவர்கள் மாமனாரும் மாமியாரும் மட்டும்தான்.

"உங்கத்தைக்குக் காய்ச்சல் மாத்திரை குடுத்திருந்தேன். பேசிக்கிட்டே வந்தவ, பாலம் தாண்டினதும் கண்ணசந்துட்டா. நானும் எழுப்பல. தூங்கட்டும்னு விட்டேன். செங்கல் சூளை இருக்கே, அந்த வளைவுல..." அவர் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார், அது யாருடைய கையோ என்பதைப் போல. "இந்தப் பக்கம் ஏதோ தட்டிச்சு."

மருமகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னது தட்டிச்சு?"

"தெரியல. நாயா இருக்கும்னு சொல்லிக்கிட்டேன். மூட்டையா இருக்கும்னு சொல்லிக்கிட்டேன். பின்னாடி பாக்கற கண்ணாடியில ஒண்ணும் தெரியல. அந்தக் கண்ணாடியும் இந்தப் பக்கம்தானே?"

"இறங்கிப் பாத்தீங்களா மாமா?"

அவர் தலை குனிந்தார்.

"இத்தனை வருஷம் பஸ் ஓட்டினதுல, ஒரு கோழி அடிபட்டாக்கூட நிறுத்தியிருக்கேன். அன்னைக்கு மட்டும் என் கால் பிரேக்குக்குப் போகல. இறங்கிப் பாத்தா அது என்னன்னு தெரிஞ்சுடுமேங்கற பயம்."

மாடிப் பால்கனியில் பட்டாணி இவர்களைப் பார்த்துக் கை ஆட்டினாள். மகன் தாங்கி மேலே ஏற்றிவிட்டிருந்த மாமியார் அவளுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, கணவர் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் எழுந்து நின்றாள். நாத்தனாரைக் கூப்பிட வேண்டும். காரை எடுக்கச் சொல்ல வேண்டும். இன்றைக்கே, இப்போதே, அந்த வளைவுக்குப் போய் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். அது மூட்டையாகவே இருக்கட்டும்.

"கிளம்புங்க மாமா. போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்."

"வரேன். அது என்னவா இருந்தாலும் நான் வந்துதான் ஆகணும்." பைலட் எழுந்தார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிடி இறுகியிருந்தது.

"ஆனா உங்கத்தைக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா. 'நான் தூங்கினதாலதான்'னு அவ செத்துடுவா."

மாடியிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"என்னங்க! அங்க என்ன ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க? நானும் இறங்கி வரட்டுமா?"